இன்வார்டு நம்பர் போடாத ஃபாரம்

போன மாதம் பிரவீன் என்பவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். என் காலத்தில் அதற்குப் பர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். இப்போது ஹெச்.ஆர்.

"சார், கம்பெனி மறுபடியும் டீம் ஆரம்பிக்குது. இந்தத் தடவை கிரிக்கெட். காலேஜ்ல ஆடுற பசங்கள எடுக்கணுமாம். நீங்க ஹாக்கி டீமுக்கு நிறைய பேரை எடுத்திருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி கன்வின்ஸ் பண்ணுவீங்க? ஒரு பக்கம் எழுதி அனுப்பினா போதும்."

கன்வின்ஸ் என்ற அந்த ஒரு வார்த்தையில் தொழிலின் நடுப்புள்ளியைச் சரியாகத் தொட்டுவிட்டார். ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுதியது இது. பிரவீனுக்கு இது எதற்கும் உதவாது என்று தெரியும். இருந்தாலும் அனுப்பத்தான் போகிறேன்.

நான் அங்கே டைம் கீப்பராகப் போனவன். கேட்டில் நின்று ஆட்களின் கார்டைப் பஞ்ச் பண்ண வைப்பதில் ஆரம்பித்து, டைப்பிங் தெரியும் என்பதால் உள்ளே இழுக்கப்பட்டு, ஹிந்தி கற்று, அரபியில் தேதியும் பெயரும் படிக்கும் அளவு தேறி, ஆறேழு வருஷத்தில் பர்சனல் ஆபீசர் ஆனேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சொந்த ஊர் கோவில்பட்டி என்பதுதான் என் வாழ்க்கையைத் திருப்பியது. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு கிடையாது. எங்கள் பர்சனல் மேனேஜர் இக்பால் சாஹிப்போ பாகிஸ்தானில் சியால்கோட்டில் பிறந்தவர். அங்கேயும் அப்படித்தானாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "கோவில்பட்டியா? ஹாக்கி ஊராச்சே" என்றார். துபாய், ஷார்ஜா, ராஸ் அல் கைமா பக்கத்துக் கம்பெனிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து குளிர்காலத்தில் ஒரு டோர்னமென்ட் நடத்தும். அதற்கு டீம் சேர்க்கும் வேலையை அன்றைக்கே என் தலையில் கட்டினார். நானும் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டேன்.

டீம் சேர்ப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்துக்குள் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டிய புது ஆட்களின் பெயர்களை எழுதி டோர்னமென்ட் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். பெயர் போடுவது என்போம். ஒரு கம்பெனி ஒருவன் பெயரைப் போட்டுவிட்டால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேறு எந்தக் கம்பெனியும் அவனைத் தொடக் கூடாது. அவனைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அவன் பாட்டுக்குக் கல்லூரியில் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். கடலுக்கு அந்தப் பக்கம் அவன் பெயர் ஒரு தாளில் ஏறி உட்கார்ந்திருக்கும். மே மாதம் நான் லீவில் ஊருக்கு வந்து, கோடைகால டோர்னமென்ட் பார்த்து, பெயர் போட்டவர்களின் வீட்டுக்கு ஆஃபர் லெட்டரோடு போவேன்.

ஆஃபர் லெட்டரில் அரபி இருக்கும், ஆங்கிலம் இருக்கும், கடைசிச் சில வருஷங்களில் தமிழும் இருந்தது. அந்தத் தமிழை நான் வாசித்துக் காட்டினால் பையன்கள், "அண்ணாச்சி, தமிழ்ல சொல்லுங்க" என்பார்கள். வேலை: ஹெல்பர். இடம்: தொழிற்சாலை. நேரம்: எட்டு மணி நேரம். இத்தனை பக்கங்களில் ஹாக்கி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இருக்காது. ஹாக்கி முழுக்க முழுக்க என் வாயில்தான் இருந்தது. மாலையில் பயிற்சி, நல்ல டர்ஃப் மைதானம், ஜெர்சி, ஷூ, கேம்பில் தனி ரூம் என்று நானே சொல்லி நானே உறுதி கொடுப்பேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எழுத்தில் இருந்தது சார்ட்டிங் லைன் மட்டும்தான். சூளையிலிருந்து வெளியே வரும் டைல்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, விரிசல் எது, புள்ளி எது, நிறம் மாறியது எது என்று பிரிக்கும் வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும்.

இக்பால் சாஹிப்பைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. ஆறடி உயரம், மெல்லிய குரல். பையன் ராஸ் அல் கைமா வந்து சேர்ந்த பிறகு கான்ட்ராக்டில் கையெழுத்து வாங்குவது அவர் கேபினில்தான். கான்ட்ராக்டை அவன் பக்கமாகத் திருப்பி வைப்பார். பேனாவின் மூடியைத் தானே கழற்றி, அவன் வலது கைப் பக்கம் வைப்பார். ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு இரண்டு சுலைமானி, அதாவது பால் இல்லாத டீ, சொல்லுவார். பிறகு எழுந்து, "சோச் லோ, பேட்டா" என்பார். நன்றாக யோசித்துக்கொள் மகனே என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சூளைப் பக்கம் நடந்து போய்விடுவார். அரை மணி கழித்துத்தான் வருவார். வந்து தாளில் கையெழுத்து இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார். முதலில் பையனின் முகத்தைப் பார்ப்பார்.

ஒருமுறை, ஏன் இப்படிப் போய்விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது என் கையெழுத்து, சண்முகம் பாய். அவனுடையது இல்லை" என்றார்.

பெரிய மனுஷன் பேச்சு. அவர் போன பிறகு அந்த அறையில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பது மட்டும் அவருக்கு ஏனோ தோன்றவில்லை. அந்த அரை மணி நேரம்தான் என் உத்தியோகம். ஒருத்தனுக்கு வீட்டுக் கடனை ஞாபகப்படுத்துவேன். இன்னொருத்தனுக்கு ஊரில் அவனோடு ஆடிய எவனோ ஒருவன் துபாயில் கார் ஓட்டுவதைச் சொல்லுவேன். தயங்குகிறவனை, "ஏல, ரெண்டு வருஷம் கண்ண மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும்" என்று தோளில் தட்டுவேன். என் கணக்கில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவன் ஒரே ஒரு கோல் கீப்பர்தான். டிகிரி பேப்பர் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அழுதுவிட்டான். சாஹிப் அவனைக் கட்டிப்பிடித்து டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பினார். இன்று அவன் ஒரு அரசுப் பள்ளியில் பி.டி. சார். வழியில் பார்த்தால் பைக்கை நிறுத்திக் கும்பிடுகிறான். எனக்குக் கும்பிடு போட வேண்டிய ஒரு காரணமும் அவனிடம் இல்லை.

மாரிச்செல்வத்தின் பெயரை நான்தான் போட்டேன். ஃபுல் பேக். பெனால்டி கார்னர் கிடைத்தால் பந்தை இழுத்து அவன் ஃபிளிக் போடும் வேகத்தில் கோல் கீப்பர் கையைத் தூக்குவதற்குள் பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் கேட்கும். அந்த வருஷம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் அவன் யுனிவர்சிட்டி மூன்றாம் இடம் வாங்கியிருந்தது. சர்டிபிகேட் புதுசாகக் கையில் இருந்தது. அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் முடிவெடுப்பது அக்கா பேச்சியம்மாள். அவனைவிட எட்டு வயது மூத்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, அரசு வேலைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள்.

அவனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கல்லூரியில் எம்.ஏ.வுக்கு ஸ்போர்ட்ஸ் சீட் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் இரண்டு வருஷம் ஆடலாம், சர்டிபிகேட் சேரும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு அறிவிப்பு வரும்போது போய் நிற்கலாம். இரண்டாவது, நான். நான் பெயர் போட்டுவிட்டதால், இப்போது வரவில்லை என்றால் அடுத்த இரண்டு வருஷம் வேறு எந்தக் கம்பெனிக்கும் அவன் ஹாக்கி ஆட வர முடியாது. அதையும் மறக்காமல் சொன்னேன்.

பேச்சியம்மாள் ஆஃபர் லெட்டரை மூன்று மொழியிலும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இதுல ஹாக்கின்னே எழுதலையே?"

"எழுத மாட்டாகம்மா. விசாவுல அந்தக் கேட்டகிரி கெடையாது."

"சரி. இவன் ரெண்டு வருஷம் அங்க ஆடுவான். அந்த சர்டிபிகேட்ட இங்க ஸ்போர்ட்ஸ் கோட்டால எடுத்துக்கிடுவாகளா?"

"அது கம்பெனி டோர்னமென்ட். எடுத்துக்கிட மாட்டாக. அதான் யுனிவர்சிட்டி சர்டிபிகேட் இருக்குல்ல?"

"அது எத்தன வருஷத்துக்குச் செல்லும்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சர்டிபிகேட் என்ன பாலாம்மா, கெட்டுப் போறதுக்கு?" என்றேன். மாரிச்செல்வம் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் அம்மாவும் சிரித்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. ஆனாலும் பேனாவை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தது அவள்தான்.

ஆகஸ்டில் வந்து சேர்ந்தான். முதல் சீசனில் செமி ஃபைனல் வரை போனோம். லைனிலும் நல்ல பெயர். கண் கூர்மை. இரண்டாவது சீசனில் பிப்ரவரி தொடக்கத்தில் பேச்சியம்மாளிடமிருந்து அவனுக்குச் செய்தி வந்தது. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஹாக்கிக்கு இரண்டு இடம். விண்ணப்பத்தை அவளே போட்டுவிட்டாள். சென்னையில் மைதானத் தேர்வு. அந்த அறிவிப்பில் ஒரு வரி இருந்தது: குறிப்பிட்ட வருஷங்களுக்குள் வாங்கிய சர்டிபிகேட்தான் செல்லும். அவனுடையது அந்தத் தடவைக்குச் செல்லும். அடுத்த தடவைக்குச் செல்லாது. பால் கெட்டுப் போவதற்கு ஒரு தேதி இருந்திருக்கிறது.

லைன் பிரேக்கில் ஃபாரத்தோடு வந்து நின்றான். ஆறு நாள் லீவு. சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கியிருந்தான்.

"அண்ணாச்சி, அக்கா எல்லாம் போட்டுருச்சு. நான் போய் நின்னா போதும். காலேஜ் கோச்சும் சொல்லுதாரு, ஃபிளிக் போடுத ஆளத்தான் தேடுதாகளாம்."

"தேதி என்ன?"

சொன்னான். செமி ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்பு.

"வச்சிட்டுப் போ. சாஹிப்ட்ட பேசிப் பாக்கேன்" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் நடைமுறையைச் சொல்ல வேண்டும். லீவு ஃபாரம் வந்தால் முதலில் இன்வார்டு ரிஜிஸ்டரில் நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தி, சாஹிப்பின் ட்ரேயில் வைக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட் வெளியே வரும். நம்பர் விழாத ஃபாரம் எங்கள் கணக்கில் ஃபாரமே இல்லை. ஆனால் டோர்னமென்ட் சீசனில் டீம் பையன்கள் கொடுக்கும் ஃபாரம் எதற்கும் நான் நம்பர் போடுவதில்லை. என் மேஜையின் கீழ் டிராயரில் போட்டுவிடுவேன். ஃபைனல் முடிந்த மறுநாள் மொத்தமாக எடுத்து நம்பர் போட்டு மேலே அனுப்புவேன். யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு வருஷம் இரண்டு பேர் கல்யாணம் என்று லீவு கேட்டு, சாஹிப் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். செமி ஃபைனலில் தோற்றோம். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. அதனால் அந்தக் கேள்வியே அவர் முன்னால் போகாமல் பார்த்துக்கொள்வது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். பையன்களிடம், "மேல இருக்கு" என்று சொல்லுவேன். அவர்களும் மேலே என்றால் மேலேதான் என்று நம்புவார்கள். பர்சனலைத் தாண்டி மேனேஜர் கேபினுக்குள் போகும் வழக்கம் லைன் ஆட்களுக்குக் கிடையாது. போகக் கூடாது என்று சொல்லி வைத்ததும் நான்தான்.

மாரிச்செல்வத்தின் ஃபாரமும் அந்த டிராயருக்குள் போனது. இதற்கு முன்னால் போனவை தங்கச்சி கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, கோவில் கொடை என்று இருக்கும். ஒரு மாதம் பொறுக்கக்கூடியவை. இது அப்படிப்பட்டதல்ல என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இந்த வயதில் நான் மனுஷனே இல்லை.

மறுநாள் வந்து கேட்டான். "சாஹிப்ட்ட இருக்கு" என்றேன். அதற்கு அடுத்த நாள், "பாத்துக்கிட்டு இருக்காரு." நான்காம் நாள் காலையில் டூட்டிக்குப் போகும் முன் யூனிஃபார்மோடு வந்தான்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் கெளம்புனாத்தான் போய்ச் சேர முடியும். நீங்க பேசுனீகளா?"

"பேசுனேன்ல. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு. செமி ஃபைனல் வேற. நான் என்ன செய்ய?"

"நான் போய் ஒரு வார்த்த கேக்கட்டா?"

"கேட்டுக் காரியத்தக் கெடுத்துறாத. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். எங்க போயிறப் போகுது?"

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம், மேஜையில் குத்தியிருக்கலாம். நானே பேசியும் நடக்கவில்லை என்றால் நடக்காது என்று நம்பிப் போனான்.

இரண்டு நாள் கழித்து காலை பதினொரு மணி இருக்கும். ஆபீஸ் போன் அடித்தது. பேச்சியம்மாள். பின்னால் விசில் சத்தமும் ஆட்கள் கத்துவதும் கேட்டது.

"அண்ணாச்சி, நான் சென்னைல கிரவுண்டு வாசல்ல நிக்கேன். ஒரிஜினல் சர்டிபிகேட், அவன் பழைய மட்ட, ஷூ எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். லீவு போட்டிருக்கேன், எப்படியும் வந்துருவேன்னுதான் சொன்னான். நேத்துலருந்து போன எடுக்கல. கெளம்பிட்டானா?"

லைனில் போனை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் எடுக்காமல் இருந்திருக்கிறான். நான் ரிசீவரைப் பிடித்தபடி இருந்தேன். எதிரே கேபின் கதவு திறந்திருந்தது. உள்ளே சாஹிப் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து பத்து அடி நடந்து உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் அவனால் சென்னைக்குப் போயிருக்க முடியாது. ஆனால் குறைந்தபட்சம் உண்மை உண்மையாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி? பேர கூப்புடுதாக. ரெண்டு தடவ கூப்புட்டாச்சு."

"எனக்குத் தெரிஞ்சு அவன் லீவே கேக்கலையேம்மா" என்றேன். "ரிஜிஸ்டர்ல அப்படி ஒண்ணும் இல்ல."

ரிஜிஸ்டரில் இல்லை என்பது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு பொய்யை ஆபீஸ் குரலில் சொன்னேன். மூன்றாவது முறை யாரோ மைக்கில் பெயர் சொல்வது எனக்கே கேட்டது. பிறகு லைன் துண்டிக்கப்பட்டது.

செமி ஃபைனலில் அவன் இரண்டு கோல் போட்டான். ஃபைனலில் ஒன்று. கப் வாங்கினோம். கேம்பில் பிரியாணி. மறுநாள் காலை சாஹிப் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். வழக்கமாக உட்காரச் சொல்லிச் சுலைமானி சொல்பவர் அன்று இரண்டும் செய்யவில்லை.

"நேற்று அந்தப் பையனிடம், உனக்கு என்ன வேண்டும், கேள் என்றேன். ஒன்றும் வேண்டாம் என்றான். பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான், இவனுக்கு ஊரில் சர்க்கார் வேலைக்குத் தேர்வு இருந்ததாம். ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டிருந்தால் நானே டிக்கெட் போட்டு அனுப்பியிருப்பேன், சண்முகம் பாய். நமக்கு ஹாக்கி மூன்று மாசம். அவனுக்கு அது ஆயுசுக்கும் வேலை. இது உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்க மாட்டார். கேட்டால் நான் சொல்லிவிடுவேன், சொன்னால் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். மேஜையில் இருந்த ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு வந்தேன். என் இடத்துக்கு வந்து டிராயரைத் திறந்து மற்றவர்களின் ஃபாரங்களுக்கு நம்பர் போட்டு அனுப்பினேன். அவனுடையதை மட்டும் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அக்கா தம்பிக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். லீவு கேட்டேன், தரவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். கேட்கவே இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆபீஸ் என்றால் நான் என்று சொன்னாளா என்று தெரியவில்லை. துபாய் சுகத்துக்கும் கப்புக்கும் ஆசைப்பட்டுத் தன்னை மைதான வாசலில் நிறுத்தி வைத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. அம்மா தவறியபோதுகூட ஒன்றுவிட்ட அண்ணன்தான் அவனுக்குத் தகவல் சொன்னான்.

அந்த ஆகஸ்டில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வந்தான். சாஹிப் தாளைத் திருப்பி வைத்து, பேனா மூடியைக் கழற்றி, "சோச் லோ, பேட்டா" என்றார். அவர் குரல் அன்று சரியாக இல்லை. அவர் கதவைத் தாண்டுவதற்குள் மாரிச்செல்வம் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டான். நான் வாயே திறக்கவில்லை. சுலைமானி வந்தபோது அவன் லைனுக்குத் திரும்பிவிட்டிருந்தான்.

பிறகு சாஹிப் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்த நிர்வாகம் டீமைக் கலைத்தது. டீமில் இருந்தவர்கள் ஜுபைல், மஸ்கட் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். மாரிச்செல்வம் மட்டும் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை. ஒவ்வொரு இரண்டு வருஷத்துக்கும் ஒரு கையெழுத்து. முட்டி போய்விட்டது. லைனில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு டைல் பார்ப்பான். கேன்டீனில் என்னைப் பார்த்தால், "சாப்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்பான். ஏழு வருஷம் அந்தக் கேள்விக்கு, "ஆச்சுப்பா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பும் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேம்புக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டிராயரை, நான் பேசவே இல்லை என்பதை, அக்காவிடம் போனில் சொன்னதை. அவன் மடித்துக்கொண்டே கேட்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

கடைசியில் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, அந்த ஃபாரம் இருக்கா?"

"என்னப்பா?"

"நான் குடுத்த ஃபாரம். தேதி எழுதிருப்பேன்ல. சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கும். அத அக்காட்ட காட்டணும்."

அவனுக்கு வேலை போனது, ஆட்டம் போனது, முட்டி போனது. அது எதையும் என்னிடம் கேட்கவில்லை. அந்த ஒரு தாளைக் கேட்டான். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். முதல் தடவையாக அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"அப்ப நீங்களாச்சும் போய்ச் சொல்லுவீகளா?"

சொல்லுகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் கடைக்குப் போனேன். பேச்சியம்மாளுக்கு நரைத்திருந்தது. கடை பெரிதாகியிருந்தது. இரண்டு கம்ப்யூட்டர். என்னை அடையாளம் கண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. அவனிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன். அவன் லீவு கேட்டான், நான்தான் மேலே அனுப்பவில்லை, நான்தான் பொய் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த ஃபாரம் இருக்கா அண்ணாச்சி?"

"இல்லம்மா. அப்பவே கிழிச்சிட்டேன்."

"ரிஜிஸ்டர்ல நம்பர்?"

"போடல."

"நீங்க பேசுனதுக்கு, அவன் கேட்டதுக்கு, வேற ஆளு யாரும்?"

"சூப்பர்வைசர் இருந்தாரு. நேபாளி. ஊருக்குப் போய் ரொம்ப வருஷமாச்சு."

தலையை ஆட்டினாள். எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தைப் பார்த்து, இந்தத் தாள் இல்லை, இது போகாது என்று சொல்லிப் பழகிய தலையாட்டல்.

"அன்னைக்கு வாசல்ல நின்னு உங்களுக்குத்தான் போன் போட்டேன். கேக்கலன்னு சொன்னீக. நீங்க அப்படிப் பொய் சொல்லுத ஆளு இல்ல அண்ணாச்சி. இத்தன வருஷம் கழிச்சு, ஊருக்குப் போற மனுஷன் கால்ல விழுந்து அவன் சொல்லச் சொல்லிருக்கான். நீங்களும் பாவம்னு பழிய உங்க தலைல போட்டுக்கிட்டு வந்து நிக்கீக." அவள் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "நல்ல மனசு உங்களுக்கு. அவனுக்காக இதெல்லாம் செய்யாதீக."

"இல்லம்மா. சத்தியமா..."

"டீ குடிங்க" என்றாள். சொல்லிவிட்டு, ஆதார் ஜெராக்ஸ் கேட்டு நின்ற ஒரு அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

பிறகும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ கொடுத்தாள். மூன்றாம் முறை அவள் ஊரில் இல்லை என்று கடைப் பெண் சொன்னது. உள்ளே அவள் செருப்பு கிடந்தது.

மாரிச்செல்வம் போன் பண்ணினான். லைன் பிரேக் போலிருக்கிறது, பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"அக்கா என்ன சொல்லிச்சு அண்ணாச்சி?"

இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "நம்ப மாட்டேங்குதுப்பா. நீதான் என்னச் சொல்லச் சொல்லிருக்கன்னு நெனைக்கு" என்றேன்.



"சரி அண்ணாச்சி" என்றான். "டூட்டிக்கு நேரமாச்சு."